இளவட்டக்கல்லும் இடுப்புப் பிடிப்பும்

நமக்கு வயதாகிவிட்டது என்பதை முதலில் யார் சொல்வார்கள் தெரியுமா? தலைமுடி சொல்லாது. அதற்கு டை இருக்கிறது. கண்ணாடி சொல்லாது. அதற்கு முன்னால் நிற்கும்போது எல்லா ஆண்பிள்ளைகளும் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்கிறோம். பெல்ட் சொல்லும். ஆனால் ஓர் ஆணியை எடுத்துப் புதிதாக ஓர் ஓட்டை போட்டால் அதன் வாயையும் அடைத்துவிடலாம்.

எனக்குச் சொன்னவர் என் அப்பா. சொன்னபோது அவர் தரையில் கிடந்தார்.

விளாத்திகுளத்தில் எங்கள் வீடு. போன வருஷம் மாசி மாதம், ராத்திரி இரண்டு மணி. புறவாசலில் 'தொப்'பென்று ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அப்பா கிடக்கிறார். அவருக்கு வயது 78, எடை 52 கிலோ. எனக்கு வயது 47, எடை 83 கிலோ. கணக்குப்படி பார்த்தால் அவரை அலாக்காகத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நான் வர வேண்டும்.

"அடி பட்டுருச்சாப்பா?"

"இல்லய்யா. வழுக்கிருச்சு. கையைக் குடு."

கக்கத்தில் கை கொடுத்து, தம் பிடித்து ஒரு தூக்குத் தூக்கினேன். அப்பா ஒரு சாண் மேலே வந்தார். என் இடுப்பில் 'சுருக்'. அடுத்த நொடி அப்பா பழைய இடத்தில் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் நான்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தோம். மாசி மாதத்துக் கரிசல்காட்டு வானம், நட்சத்திரத்துக்குக் குறைச்சலே இல்லை. அப்பாதான் முதலில் வாய் திறந்தார்.

"ஏய்யா... இப்ப ரெண்டு பேரைத் தூக்கணுமே!"

என் மனைவி ஓடிப்போய் எதிர்வீட்டுப் பையனை எழுப்பிக் கூட்டி வந்தாள். மிளகாய் வத்தல் கமிஷன் கடையில் மூடை தூக்குகிற பையன். அப்பாவைப் பச்சைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக் கட்டிலில் கிடத்திவிட்டுத் திரும்பி வந்தான். "சித்தப்பா, நீங்களும் கழுத்தைக் கட்டிக்கோங்க" என்றான்.

இடுப்பு வலி மூன்று நாளில் போய்விட்டது. அந்த 'நீங்களும்' மட்டும் போகவே இல்லை.

மறுநாள் அப்பாவும் மகனும் ஜோடியாக டாக்டரிடம் போனோம். எனக்கு முதலில் விழுந்தது திட்டு. "விழுந்த பெரியவரைக் கண்ட உடனே இழுக்கக் கூடாது சார். எங்க வலிக்குதுன்னு கேக்கணும். காலை அசைக்க முடியுதான்னு பாக்கணும். தொடை இடுக்குல வலின்னு சொன்னாலோ, ஒரு கால் குட்டையா, வெளிப்பக்கம் திரும்புன மாதிரி தெரிஞ்சாலோ அப்படியே விட்டுட்டு 108-க்குப் போன் பண்ணணும். உங்க அப்பாவுக்கு எலும்பு உடையலை. அதிர்ஷ்டம்."

பிறகு என் பக்கம் திரும்பினார். டேப்பை எடுத்து இடுப்பை அளந்தார். 102 சென்டிமீட்டர். நம் நாட்டு ஆண்களுக்கு 90-க்குள் இருக்க வேண்டுமாம். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை 'பார்டர்'. பார்டர் என்றால் பட்டாளம்தானே நிற்கும்? எனக்கு அங்கே பரோட்டாவும் சாத்தூர் காராச்சேவும் நின்றன.

"வயசாச்சுல்ல டாக்டர்..." என்று இழுத்தேன்.

"வயசு மேல கேஸ் போடாதீங்க. கோர்ட்ல நிக்காது" என்றார்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்துப் பார்த்தேன். மனுஷன் சொன்னது நிஜம். 'நாற்பதைத் தாண்டினால் உடம்பு சாப்பாட்டை எரிக்காது, அதனால்தான் தொப்பை' என்று ஆபீஸில் நாங்கள் கூடிக் கூடிப் பேசுவோமே, அதற்கு 2021-ல் வேட்டு வைத்துவிட்டார்கள். ஹெர்மன் பான்ட்சர் என்ற விஞ்ஞானியும் கூட்டாளிகளும் 29 நாடுகளில் 6,400-க்கும் அதிகமான பேரைக் கணக்கெடுத்து 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். உடல் அளவுக்குத் தக்கபடி பார்த்தால், 20 வயதிலிருந்து 60 வயது வரை உடம்பு எரிக்கிற சக்தியில் பெரிய மாற்றமே இல்லையாம். அறுபதுக்கு மேல்தான் மெல்ல இறங்குகிறது.

அப்படியானால் குற்றவாளி யார்? நாற்காலி.

இதுவும் நான் கண்டுபிடித்ததல்ல. லண்டனில் ஜெரி மோரிஸ் என்ற டாக்டர் மாடி பஸ்களின் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டுப் பார்த்து 1953-ல் எழுதினார். ஒரே கம்பெனி, ஒரே பஸ். ஆனால் நாள் முழுக்க உட்கார்ந்திருந்த டிரைவர்களைவிட, டிக்கெட் கொடுக்கத் தினமும் 500 முதல் 750 படிகள் ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. சொன்னதோடு நிற்காமல் மோரிஸ் தானும் ஓடினார், நடந்தார், நீந்தினார். 2009-ல் காலமானபோது அவருக்கு 99 வயது.

நான் எந்த ஜாதி என்று யோசித்தேன். வீட்டிலிருந்து ஆபீஸ் நானூறு மீட்டர். அதற்கு பைக். போனதும் நாற்காலி. டீ நாற்காலிக்கே வரும். பேப்பர் நாற்காலிக்கே வரும். மாலையில் வீட்டு நாற்காலி. பஸ் இல்லாத டிரைவர் நான்!

சரி, நடப்போம் என்று முடிவு செய்தேன். புது ஷூ வாங்கி, காலை ஐந்தரை மணிக்கு எட்டயபுரம் ரோட்டில் இறங்கினேன். பட்டணத்தில் நடந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். எங்கள் ஊரில் ஒருத்தன் நடந்து போனால் அது ஒரு பிரச்னை. முதல் பைக் நின்றது.

"என்ன அண்ணாச்சி, வண்டி ரிப்பேரா? ஏறுங்க."

"இல்லப்பா, சும்மா நடக்கேன்."

"சும்மா எதுக்கு நடக்கீக? வீட்ல ஏதும் சண்டையா?"

இரண்டு கிலோமீட்டருக்குள் நாலு பைக், ஒரு மினி லாரி, ஒரு டிராக்டர். டிராக்டர்காரர் என் மாமா முறை. அவர் மனம் நோகக் கூடாதென்று ஏறிக்கொண்டேன். இறக்கிவிட்ட இடம் டீக்கடை. அவர் காசில் டீயும் இரண்டு வடையும். நடக்கப் போய் எடை கூடி வந்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். மறுநாளிலிருந்து பாதையை மாற்றி வைப்பாற்று மணல் பக்கம் போய்விட்டேன். அங்கே பைக் வராது.

ஒரு மாதம் நடந்ததில் மூச்சிரைப்பு குறைந்தது. மத்தியானம் ஃபைல் மேல் கவிழ்ந்து தூங்குவதும் குறைந்தது. ஆனால் அந்த ராத்திரிக் கணக்கு தீரவில்லை. ஒரு மாதம் நடந்த பிறகும் அப்பாவைத் தூக்க முடியுமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

கட்டிலில் படுத்தபடி இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்த அப்பா ஒருநாள் சொன்னார். "நடந்தா நடக்கத்தான்யா முடியும். தூக்கணும்னா தூக்கித்தான் பழகணும். ஊருக்குப் போயி அந்தக் கல்லைப் பாத்துட்டு வா."

எங்கள் பூர்வீகக் கிராமத்தில் சாவடிக்கு முன்னால் ஓர் இளவட்டக்கல் உண்டு. தெற்கத்திக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பிடிக்க ஒரு விளிம்பு இல்லாத வழுவழுப்பான உருண்டைக் கல். அந்தக் காலத்தில் இதைத் தூக்குகிறவனுக்குத்தான் பெண் என்பார்கள். திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கலுக்கு இன்னமும் போட்டி நடக்கிறது. பெண்களும் தூக்குகிறார்கள். எங்கள் ஊர்க் கல்லோ பாதி மண்ணுக்குள் புதைந்து, மேலே ஓர் ஆட்டுக்குட்டி ஏறி நின்றுகொண்டிருந்தது. ஆட்டுக்குட்டியை இறக்கினேன். அதை என்னால் தூக்க முடிந்தது. கல் அசையவில்லை.

திரும்பி வந்து சொன்னதும் அப்பா சிரித்தார். "நாங்க மட்டும் ஒரே நாள்லயா தூக்குனோம்? சின்னக் கல்லு, அப்புறம் நடுக்கல்லு, அப்புறந்தான் அது. ஒரு வருஷம் ஆச்சு எனக்கு. அதோட, அன்னைக்கு நீ என்னை முதுகால தூக்குன. கல்லைக் குத்தவச்சு உக்காந்து நெஞ்சோட அணைச்சு, தொடையால எந்திரிக்கணும். முழங்காலு, மடி, நெஞ்சு, தோளு... அப்புறம் அப்படியே பின்னால தள்ளிவிடணும்."

இந்த வயதில் பழகினால் வருமா என்று எனக்குச் சந்தேகம். அதற்கும் பதில் கிடைத்தது. 1990-ல் மரியா ஃபியாட்டரோன் என்ற டாக்டர், அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில், 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்குக் காலால் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார். எட்டு வாரம். முடித்தவர்கள் ஒன்பது பேர். கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியைத் தூர வைத்துவிட்டு நடந்தார்கள். தொண்ணூறு வயதில் முடிகிறதென்றால் நாற்பத்தேழு வயதுக்காரன் என்ன சாக்குச் சொல்வது?

விளாத்திகுளத்தில் சின்னக் கல்லுக்கு எங்கே போவது? வாசலில் இருந்தது. பிளாஸ்டிக் குடம்! ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. எங்கள் வீட்டுக் குடம் 15 லிட்டர். முதல் வாரம் 5 லிட்டர் ஊற்றினேன். நெஞ்சோடு அணைத்துக் குத்தவைத்து எழுந்திருப்பது பத்துத் தடவை, மூச்சு வாங்கிவிட்டு மறுபடி பத்து. செவ்வாய், வெள்ளி இரண்டு நாள், கோயிலுக்குப் போகிற மாதிரி. வாரத்துக்கு ஒரு லிட்டர் கூட்டினேன். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னதும் இதையேதான். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் விறுவிறு நடை, அதோடு வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை. நாம் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொள்கிறோம்.

குடத்தோடு நான் உட்கார்ந்து எழுவதை என் மனைவி இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். "இருபது வருஷமா நான் தூக்குனப்ப இதுக்குப் பேரு தண்ணி எடுக்கிறது. இவரு தூக்குனா எக்சர்சைஸ்!" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை. அன்றிலிருந்து வீட்டுக்குத் தண்ணீர் நான்தான் எடுக்கிறேன்.

ஆபீஸில் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழப் பழகினேன். பைக்குக்கு ஓய்வு கொடுத்தேன். ராத்திரிப் பரோட்டா வாரம் ஒரு நாள். சாப்பிட்டதும் படுக்காமல் தெருவைச் சுற்றிப் பத்து நிமிஷம் நடை. பார்டர் சர்க்கரைக்காரர்களுக்கு ஒரு தெம்பான சேதி: சென்னை டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் என்னைப் போன்ற பார்டர்காரர்கள் 531 பேரை மூன்று வருஷம் கவனித்து 2006-ல் எழுதினார்கள். நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் மட்டுமே நீரிழிவு வரும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்தன. ஆனால் எத்தனை தூங்கினாலும் அசதி தீரவில்லை என்றால் குடத்தைத் தூக்காதீர்கள். முதலில் ரத்தம் கொடுத்து சர்க்கரை, ஹீமோகுளோபின், தைராய்டு பார்த்துவிடுங்கள். நெஞ்சில் பாரம், பழைய முதுகுவலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் தூக்க வேண்டாம்.

இதைப் படிக்கிற தம்பிகளே, 'எனக்கு 28 தானே' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வேலை கொடுக்காத தசை முப்பதைத் தாண்டியதுமே கரையத் தொடங்கிவிடுகிறது. ஓசைப்படாமல் கரைவதால் தெரியாது. ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்குத்தான் தெரியும்.

எட்டு மாதத்தில் எனக்கு என்ன கிடைத்தது? உண்மையைச் சொல்கிறேன். நாலு கிலோ குறைந்தது. இடுப்பு 95-ல் நிற்கிறது. சர்க்கரை பார்டரிலேயே இருக்கிறது, இந்தப் பக்கம் தாண்டி வரவில்லை. கல்யாண பேன்ட்டை மறுபடி போட்டுக்கொள்ளும் ஆசையைக் கைவிட்டுவிட்டேன்.

ஆனால் ஐப்பசியில் ஊரில் ஒரு காதுகுத்துக்கு அப்பாவை ஆட்டோவில் கூட்டிப்போனேன். முந்தின நாள் மழை. கரிசல் மண் நனைந்தால் தெரியும்தானே, செருப்பைப் பிடித்தால் விடாது. ஆட்டோ தெருமுனையிலேயே நின்றுவிட்டது. சொந்தக்கார வீட்டுத் திண்ணைக்கு இருபதடி தூரம், அத்தனையும் சகதி. அப்பா தடியை ஊன்றினார். தடி பாதி உள்ளே போயிற்று.

நான் பேசவில்லை. குத்தவைத்து, நெஞ்சோடு அணைத்து, தொடையால் எழுந்தேன். அப்பா வந்துவிட்டார். இருபதடி. நடுவில் ஒருதரம் கால் வாங்கியது. நின்று மூச்சு விட்டு மறுபடி நடந்தேன். திண்ணையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

திண்ணையை நெருங்கியதும் அப்பா என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காதோரமாகச் சொன்னார்:

"ஏய்யா, மெதுவா எறக்கு. கல்லுன்னு நெனச்சுப் பின்னால தள்ளிவிட்றாத!"