டிஸ்க்கை அப்புறம் பார்க்கலாம், முதல்ல உள்ள இருக்கறதை எடுங்க

1/
இன்னைக்கு த்ரெட் மருத்துவம் இல்ல. வீட்டு மூலையில பத்து, பன்னிரண்டு வருஷமா ஓடிக்கிட்டிருக்கிற பழைய கம்ப்யூட்டரும், அதுக்குள்ள சாகக் கிடக்கிற ஹார்ட் டிஸ்க்கும்தான் விஷயம். கொஞ்சம் நீளம். ஆனா உங்க வீட்ல பழைய போட்டோ, வீடியோ எல்லாம் ஒரே ஒரு கம்ப்யூட்டர்ல மட்டும் இருந்தா கடைசி வரை படிங்க.

2/
போன வருஷம் அம்மா போன் பண்ணாங்க. "தம்பி, கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவா இருக்குடா. போட்டோ திறந்தா சுத்திக்கிட்டே நிக்குது. அப்பப்ப உள்ள பல்லி கத்துற மாதிரி சத்தம் வேற வருது. கடைக்காரத் தம்பி ஃபார்மட் போட்டா சரியாயிடும்ங்கறாரு, குடுத்துடவா?"

"குடுக்காதீங்கம்மா, ஞாயித்துக்கிழமை நான் வந்து பார்க்கறேன்"னு சொன்னேன். அது வரைக்கும் சரி.

3/
அது 2012-ல வாங்கின மெஷின், 500 ஜிபி டிஸ்க். அதுல அப்பாவோட அறுபதாம் கல்யாண வீடியோ இருந்துச்சு. அப்பா இப்ப இல்ல. அந்த வீடியோவுக்கு வேற காப்பி எங்கேயும் இல்ல.

ஞாயிறு போய் உட்கார்ந்தேன். புது எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒண்ணு மாட்டினேன். டி டிரைவைத் திறந்து, எல்லாத்தையும் மொத்தமா செலக்ட் பண்ணி காப்பி போட்டுட்டு சாப்பிடப் போயிட்டேன்.

4/
காப்பி ஆங்கில அகரவரிசையில போச்சு. முதல்ல 'சினிமா' ஃபோல்டர். அதுல ஒரு அம்பது, அறுபது படம், எல்லாம் எங்க வேணா கிடைக்கிற படம். ரெண்டு மணி நேரம் அதுவே ஓடிச்சு. அப்புறம் 'டாக்குமெண்ட்ஸ்'. 'போட்டோஸ்' ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல டக், டக், டக்னு சத்தம், ஸ்கிரீன் உறைஞ்சு போச்சு. அணைச்சுப் போட்டா டிஸ்க் இருக்கிறதாவே காட்டல.

5/
நான் தினமும் கேஷுவாலிட்டியில செய்யற வேலை என்ன? பத்து பேர் ஒரே நேரத்துல வந்தா, வரிசையில யார் முதல்ல நிக்கறாங்கன்னு பார்க்கறதில்ல. யாருக்கு நேரம் குறைவுன்னு பார்த்து சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு பிரிக்கறோம். அதே ஆளு, வீட்ல டிஸ்க் செத்துக்கிட்டிருக்கும்போது அகரவரிசைப்படி வைத்தியம் பார்த்துட்டேன். அந்தக் கடுப்புலதான் இதை எழுதறேன்.

6/
என் கருத்து இதுதான்: டிஸ்க் கெட ஆரம்பிச்சதும் நாம எல்லாரும் கேட்கிற முதல் கேள்வியே தப்பு. "கம்ப்யூட்டர் சரியாகுமா?"ன்னு கேட்கறோம். கேட்க வேண்டியது "உள்ள இருக்கறது வேற எங்கயாவது இருக்கா?". இல்லைன்னா, அதை எடுத்து முடிக்கிற வரைக்கும் ரிப்பேர்ங்கற பேச்சே வரக்கூடாது.

7/
ஏன்னு புரிய, உள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் பார்ப்போம்.

பழைய ஹார்ட் டிஸ்க்குள்ள கண்ணாடி மாதிரி பளபளன்னு வட்டத் தட்டு இருக்கும். நிமிஷத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுத்தும். அதுக்கு மேல, தொடாம, சில நானோமீட்டர் உயரத்துல படிக்கிற 'ஹெட்' மிதக்கும். தலைமுடியோட தடிமன்ல ஆயிரத்துல ஒரு பங்கு கூட இல்லாத இடைவெளி.

8/
அந்த ஹெட் பழுதாகும்போது, தான் இருக்க வேண்டிய தடம் கிடைக்காம திரும்பத் திரும்பப் போய் தேடும். பல்லி கத்துற மாதிரி கேட்டது அந்தச் சத்தம்தான். ஹெட் தட்டுல உரச ஆரம்பிச்சா, டேட்டா எழுதியிருக்கிற பூச்சையே சுரண்டி எடுத்துடும். சுரண்டினது திரும்ப வராது. அதனால சத்தம் வர்ற டிஸ்க்கை "இன்னொரு தடவை ஆன் பண்ணிப் பார்க்கலாம்"னு போடற ஒவ்வொரு தடவையும் நாம எதையோ இழக்கலாம்.

9/
சரி, ஃபார்மட் போட்டா உண்மையிலேயே சரியாகுதேன்னு கேட்பீங்க. ஆமா, சரியான மாதிரி தெரியும். காரணம் இருக்கு.

படிக்க முடியாத இடம் ஒண்ணு வந்தா டிஸ்க் அதை "நிலுவை"ன்னு குறிச்சு வெச்சுக்கும். அந்த இடத்துல புதுசா எதையாவது எழுதினாதான் முடிவெடுக்கும். இடம் தேறினா வெச்சுக்கும், தேறலைன்னா கையிருப்புல இருக்கிற உபரி இடத்துக்கு மாத்திக்கும்.

10/
விஸ்டாவுக்குப் பிறகு வந்த விண்டோஸ்ல ஃபுல் ஃபார்மட் போட்டா, டிஸ்க் முழுக்க பூஜ்யம் எழுதும். நிலுவை எல்லாம் தீர்ந்துடும். கம்ப்யூட்டர் மறுபடி வேகமா ஓடும். கூடவே உங்க போட்டோ எல்லாம் போயிருக்கும். டிஸ்க்கோட நோய் மட்டும் அப்படியே இருக்கும்.

காய்ச்சல் மாத்திரை போட்டு சூடு இறங்கினதும் டைஃபாய்டு போயிடுச்சுன்னு நினைக்கிற மாதிரிதான் இது.

11/
கடைக்காரர்களைத் திட்டறதுக்காக இதைச் சொல்லல. "மெஷின் ஓடணும்"னு நாம கேட்டோம், அவர் ஓட வெச்சுக் குடுத்தாரு. ஆனா ஒரு சின்ன ஆபரேஷனுக்குக் கூட நாங்க விளக்கிச் சொல்லி கையெழுத்து வாங்கறோம். ஃபார்மட்டுக்கும் அப்படி ஒரு சம்மதம் வேணும்: "உள்ள இருக்கறதெல்லாம் போயிடும், காப்பி எடுத்தாச்சா?" கடையில கேட்கலைன்னா நீங்களே நிறுத்திக் கேளுங்க.

12/
இப்ப நடைமுறைக்கு வருவோம். உங்க டிஸ்க் எந்த நிறத்துல இருக்குன்னு பிரிச்சுப் பாருங்க.

சிவப்பு: திரும்பத் திரும்ப டக் டக் சத்தம், கீழ விழுந்த டிஸ்க், பயாஸ்ல பேரே காட்டாத டிஸ்க்.
மஞ்சள்: டிஸ்க் தெரியுது, ஆனா சில ஃபோல்டர் திறந்தா உறையுது, காப்பி பாதியில நிக்குது.
பச்சை: மெதுவா இருக்கு, அவ்வளவுதான்.

13/
பச்சைன்னா: கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மாதிரி ஒரு இலவச மென்பொருள் போட்டு 'ஸ்மார்ட்' அறிக்கை பாருங்க. டிஸ்க் தன்னைப் பத்தித் தானே எழுதி வெச்சிருக்கிற கேஸ் ஷீட் அது. மூணு வரி முக்கியம்: 5, 197, 198. (சில மென்பொருள்ல 05, சி5, சி6ன்னு வரும்.) 5 என்பது மாத்தி வெச்ச இடங்கள், 197 நிலுவையில இருக்கிறது, 198 படிக்கவே முடியாதது. கடைசிப் பத்தியில பூஜ்யம் இல்லாம வேற ஏதாவது இருந்தா, நீங்க மஞ்சள்.

14/
இன்னொரு வரி 199 (சி7). இது ஏறிக்கிட்டே போனா பெரும்பாலும் டிஸ்க் மேல தப்பில்ல, சாட்டா கேபிள்தான் பிரச்சனை. பழைய கேபினட்ல கேபிள் தளர்ந்து, தூசி அடைஞ்சு கிடக்கும். கேபிளை மாத்திட்டு அந்த எண் மேல ஏறுதான்னு பாருங்க. பழைய எண் குறையாது, ஏறாம நின்னா போதும். சின்னச் செலவுல முடியற வேலை, அதனால இதை முதல்ல பாருங்க.

15/
ஆனா ஸ்மார்ட் 'குட்'னு காட்டினா நிம்மதியா தூங்கலாமா? கூடாது.

கூகுள் ஆய்வாளர்கள் 2007-ல ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வெச்சு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. செத்துப்போன டிஸ்க்குகள்ல 36 சதவீதத்துக்கும் மேல, வெப்பநிலையை விட்டுட்டுப் பார்த்தா, ஸ்மார்ட்ல எந்த அறிகுறியும் காட்டாமலே செத்திருக்கு. நெஞ்சு வலியோட வந்தவருக்கு முதல் ஈசிஜி நார்மல்னா உடனே வீட்டுக்கு அனுப்பறோமா? அதே கதைதான்.

16/
அதே ஆய்வுல இன்னொண்ணு: ஸ்கேன்ல முதல் பிழை வந்த டிஸ்க், அடுத்த 60 நாளுக்குள்ள சாகிற வாய்ப்பு, பிழையே வராத டிஸ்க்கை விட 39 மடங்கு அதிகம். அதாவது அறிக்கை நல்லா இருந்தா நம்பாதீங்க, மோசமா இருந்தா உடனே நம்புங்க.

17/
மஞ்சள்னா: இதுதான் கோல்டன் ஹவர். செய்யக்கூடாதது முதல்ல.

செக் டிஸ்க் ஓட்டாதீங்க. அது டிஸ்க் முழுக்கத் தேய்ச்சுப் படிக்கும். அதோட "சரி பண்றேன்"னு ஃபைல் அமைப்புல கை வைக்கும். டீஃப்ராக் வேண்டாம். வைரஸ் ஸ்கேன் வேண்டாம். "இந்த டிஸ்க்கை ஃபார்மட் பண்ணணுமா?"ன்னு விண்டோஸ் கேட்டா, கேன்சல் மட்டும் அழுத்துங்க. மீட்கிற மென்பொருளை அதே டிஸ்க்குல இன்ஸ்டால் பண்ணாதீங்க.

18/
செய்ய வேண்டியது: ஒரு பேப்பர் எடுத்து, எது போனா திரும்பக் கிடைக்காதுன்னு எழுதுங்க. டிஸ்க்கைத் தொடறதுக்கு முன்னாடி எழுதுங்க.

மார்க் ஷீட், ஆதார் மறுபடி வாங்கலாம், டிஜிலாக்கர்லயே பாதி கிடைக்கும். சினிமா, பாட்டு, மென்பொருள் எங்க வேணா கிடைக்கும். பிள்ளையோட முதல் நடை, தாத்தா குரல், நீங்க எழுதி வெச்ச கணக்கு, இதெல்லாம் ஒரு தடவைதான். அந்த ஃபோல்டரை மட்டும் முதல்ல எடுங்க. சின்னச் சின்னதா எடுங்க. ஒரு ஃபைல் நின்னா அதோட மல்லுக்கட்டாம அடுத்ததுக்குப் போங்க.

19/
முடிஞ்சா அந்த டிஸ்க்ல இருந்து விண்டோஸையே பூட் பண்ணாதீங்க. கழட்டி வேற கம்ப்யூட்டர்ல இரண்டாவது டிஸ்க்கா மாட்டுங்க, இல்ல பென் டிரைவ்ல லினக்ஸ் போட்டு அதுல இருந்து ஓட்டுங்க. யூஎஸ்பி அடாப்டர்ல மாட்டறீங்கன்னா, டெஸ்க்டாப் டிஸ்க்குக்குத் தனி பவர் வேணும். யூஎஸ்பி கரண்ட் மட்டும் அதுக்குப் பத்தாது.

20/
கொஞ்சம் தெரிஞ்சவங்களுக்கு: லினக்ஸ்ல 'டிடி ரெஸ்க்யூ'ன்னு ஒரு இலவச கருவி இருக்கு. அதோட வேலை முறை எனக்கு ரொம்பப் பிடிச்சது. சுலபமா படிக்க முடியற இடத்தை எல்லாம் முதல்ல எடுத்துடும். அடம் பிடிக்கிற இடத்தைக் குறிச்சு வெச்சுட்டுத் தாண்டிப் போகும். கடைசியில திரும்பி வந்து அதுகிட்ட மல்லுக்கட்டும். பாதியில நின்னாலும் விட்ட இடத்துல இருந்து தொடரும். எதை முதல்ல எடுக்கணும், எதை அப்புறம் பார்க்கணும்னு அந்தக் கருவிக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியல.

21/
சிவப்புன்னா: அணைச்சுடுங்க. அவ்வளவுதான். ஃப்ரீசர்ல வெச்சுப் பார்க்கறது, தட்டிப் பார்க்கறது, ஸ்க்ரூ கழட்டித் திறந்து பார்க்கறது எதுவும் வேண்டாம். ஃப்ரீசர்ல வெச்சு எடுத்தா தட்டு மேல ஈரம் படியும், திறந்தா தூசி விழும். ரெண்டுமே அந்த நானோமீட்டர் இடைவெளிக்கு எமன்.

உள்ள இருக்கறது அவ்வளவு முக்கியம்னா டேட்டா ரெக்கவரி லேப்புக்குக் கொண்டு போங்க. சுத்தமான அறையில, அதே மாடல் டிஸ்க்குல இருந்து ஹெட் எடுத்து மாத்தி முயற்சி பண்ணுவாங்க. செலவு அதிகம், உத்தரவாதம் கிடையாது.

22/
நானும் கொண்டு போனேன். திறந்து பார்த்துட்டு, தட்டுல வட்டமா கோடு விழுந்திருக்கு, முடியாதுன்னாங்க. "சத்தம் வந்ததுக்கு அப்புறம் ரொம்ப நேரம் ஓட விட்டீங்களா சார்?"னு கேட்டாங்க. ரெண்டு மணி நேரம் சினிமா காப்பி ஆன கதையை நான் சொல்லல. ஆமான்னு மட்டும் சொன்னேன்.

23/
அத்தையோட பழைய போன்ல, வாட்ஸ்அப்ல வந்த ஒரு துண்டு கிடைச்சுது. ரெண்டு நிமிஷம்தான், மங்கலா இருக்கு. அப்பா மாலையைச் சரி பண்ணிக்கிட்டே, "போதும்பா, எவ்வளவு நேரம் நிக்கறது"ங்கறாரு. அம்மா அதைத்தான் இப்ப பார்க்கறாங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை குறை சொல்லல. அதான் கஷ்டமா இருக்கு.

24/
மீட்டு முடிச்சவங்களுக்கு: அந்த டிஸ்க் மேல இரக்கம் காட்டாதீங்க. ஃபார்மட் போட்டு "சும்மா படத்துக்கு வெச்சுக்கலாம்"னு வெச்சா, ஆறு மாசத்துல மறந்து போய் மறுபடி முக்கியமானதை அதுலயே போடுவீங்க. டிஸ்க் தேய்ஞ்சு போற பொருள், டயர் மாதிரி. கம்ப்யூட்டர் பழசா இருந்தாலும் ஒரு சாட்டா எஸ்எஸ்டி மாட்டினா நல்லாவே ஓடும். ஆனா எஸ்எஸ்டி சத்தமே போடாம ஒரே நாள்ல சாகலாம், அதனால அதுக்கும் காப்பி வேணும்.

25/
காப்பிக்குப் பழைய விதி ஒண்ணு இருக்கு, 3-2-1. மொத்தம் மூணு பிரதி, ரெண்டு வகை சாதனத்துல, அதுல ஒண்ணு வீட்டுக்கு வெளியில. கம்ப்யூட்டர்ல ஒண்ணு, எக்ஸ்டர்னல் டிஸ்க்ல ஒண்ணு, கிளவுட்லயோ தங்கச்சி வீட்டுலயோ ஒண்ணு. எக்ஸ்டர்னலுக்கு "மாத்திட்டு" இங்க அழிச்சுட்டா அது காப்பி கிடையாது, இடம் மாத்தினது மட்டும்தான். அப்பவும் ஒரே பிரதிதான் இருக்கு.

26/
டிஸ்க் நல்லா இருக்கும்போது இதை யாரும் செய்ய மாட்டோம்னு எனக்குத் தெரியும். சுகர் நார்மலா இருக்கிறவரை வருஷம் ஒரு தடவை டெஸ்ட் எடுங்கன்னா எடுக்கறாரா? அதனால பெரிய திட்டம் எதுவும் கேட்கல. இந்த ஞாயிறு, ஒரே ஒரு ஃபோல்டர். போனா திரும்பக் கிடைக்காத அந்த ஒண்ணை மட்டும் இன்னொரு இடத்துல போட்டு வைங்க. போட்ட பிறகு அங்க திறந்து, ஓடுதான்னு ஒரு தடவை பார்த்துடுங்க.

மத்ததெல்லாம் அடுத்த ஞாயிறு பார்த்துக்கலாம். சந்தேகம் இருந்தா கேளுங்க, நைட் டூட்டி முடிஞ்சு வந்து பதில் போடறேன்.