இணையும் விமான நிறுவனங்கள். சுருங்கும் தேர்வு: பெட்டி தாமதமானால் பயணிக்கு என்ன பாதுகாப்பு?

கோலார் தங்கவயல்: இந்திய உள்நாட்டு விமானச் சந்தையில் ஏறத்தாழ 90 சதவீதம் இண்டிகோ, ஏர் இந்தியா ஆகிய இரு குழுமங்களின் வசம் உள்ளது. 2024 நவம்பர் 12 அன்று விஸ்தாரா, ஏர் இந்தியாவுடன் இணைந்ததையடுத்து இந்நிலை மேலும் வலுப்பெற்றது. சேவையில் அதிருப்தி அடையும் பயணி வேறு நிறுவனத்தை நாடும் வாய்ப்பு இதனால் சுருங்கியுள்ளது.

இணைப்பு மட்டுமே நிறுவனத்தைக் காப்பாற்றாது என்பதற்கு 2007ஆம் ஆண்டு சான்றாகும். அவ்வாண்டில் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் இணைக்கப்பட்டன. ஏர் சஹாராவை ஜெட் ஏர்வேஸ் வாங்கியது. பெங்களூருவின் ஏர் டெக்கான் நிறுவனப் பங்குகளைக் கிங்ஃபிஷர் பெற்றது. பின்னர் கிங்ஃபிஷர் 2012இலும், ஜெட் 2019இலும் சேவையை நிறுத்தின. கடனில் மூழ்கிய ஏர் இந்தியா 2022 ஜனவரியில் டாடா குழுமத்திடம் சென்றது.

ஒரே நிறுவனத்தைச் சந்தை பெரிதும் சார்ந்திருப்பதன் ஆபத்து 2025 டிசம்பரில் வெளிப்பட்டது. விமானிகளின் ஓய்வு நேரத்தை உயர்த்திய விதிகளுக்கேற்பத் திட்டமிடத் தவறிய இண்டிகோ, ஆயிரக்கணக்கான சேவைகளை ரத்து செய்தது. முனையங்களில் பயணப் பெட்டிகள் குவிந்தன. அவற்றை 48 மணி நேரத்தில் ஒப்படைக்குமாறு மத்திய அரசு உத்தரவிட நேர்ந்தது. சந்தையில் 60 சதவீதத்துக்கும் மேல் வைத்திருந்த நிறுவனம் தடுமாறியபோது, அவ்வளவு பயணிகளையும் ஏற்கும் இடம் பிற நிறுவனங்களிடம் இல்லை.

பெட்டிகளுக்கென விதி இல்லாமல் இல்லை. விமான என்ஜின் நிறுத்தப்பட்ட 10 நிமிடங்களில் முதல் பெட்டியும், 30 நிமிடங்களில் கடைசிப் பெட்டியும் பயணியரை வந்தடைய வேண்டும் என 2024 பிப்ரவரியில் ஏழு நிறுவனங்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. உள்நாட்டுப் பயணத்தில் பெட்டி தொலைந்தாலோ, தாமதமானாலோ, சேதமடைந்தாலோ இழப்பீட்டு உச்சவரம்பு 20,000 ரூபாய் எனப் பயணிகள் சாசனம் கூறுகிறது.

தங்கவயல் போன்ற ஊர்களுக்கு இது வெறும் நிமிடக் கணக்கு அன்று. 2001இல் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டபின் வேலை தேடி வெளியேறிய தமிழ்க் குடும்பத்தினர் பலருக்கு, தேவனஹள்ளியிலுள்ள பெங்களூரு விமான நிலையமே அருகிலுள்ள வான்வழி வாசல். பெட்டி வராவிடில், ஏறத்தாழ 100 கிலோமீட்டர் மீண்டும் பயணிக்க நேரலாம்.

எனவே, முனையத்தை விட்டு வெளியேறும் முன்பே நிறுவன முகப்பில் எழுத்துப்பூர்வமாகப் புகார் பதிந்து நகல் பெறுவது அவசியம். சர்வதேசப் பயணத்தில் சேதத்துக்கு 7 நாள்களுக்குள்ளும், தாமதத்துக்குப் பெட்டி கிடைத்த 21 நாள்களுக்குள்ளும் புகார் அளிக்க வேண்டும்.

போட்டி குறைந்த சந்தையில் பயணியின் பாதுகாப்பு விதிகளைச் சார்ந்தே உள்ளது. இணைப்புகளுக்கு அனுமதி வழங்கும் அரசு, அவ்விதிகளின் அமலாக்கத்திலும் அதே கவனம் செலுத்துவதே இனித் தேவையானது.