வாச்சாத்திப் பெண்களின் 31 ஆண்டுகள்

1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி, தருமபுரி மாவட்டம் வாச்சாத்திக்குள் வனத்துறையினரும் போலீஸாரும் வருவாய்த் துறையினரும் புகுந்தார்கள். ஆலமரத்தடியில் பழங்குடி மக்களைக் கூட்டி, அங்கிருந்து 18 பெண்களை ஏரிப்பக்கம் இழுத்துப்போய் வல்லுறவு செய்தார்கள். குடிநீர்க் கிணற்றைக்கூட விட்டுவைக்காமல் பாழாக்கினார்கள்.

அந்தப் பெண்கள் முடங்கிவிடவில்லை. ஒன்றாகப் போய்ச் சாட்சி சொன்னார்கள். அந்நியர் நிறைந்த நீதிமன்றத்தில், வக்கீல் குடைந்து குடைந்து கேட்க, அந்த நாளைத் திரும்பவும் வாழ்வது எத்தனை பெரிய வேதனை! 2011இல் 215 பேருக்குத் தண்டனை. குற்றம்சாட்டப்பட்டவர்களில் 54 பேர் அதற்குள் இறந்திருந்தார்கள். 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனையை உறுதிசெய்து, வல்லுறவுக்கு ஆளான ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் வழங்கச் சொன்னது. 18 பேரில் மூவர் அந்தத் தீர்ப்பைக் கேட்க உயிரோடு இல்லை.