ஏலக்காய்க்கு ஏலம் சரி, ஊசி மருந்துக்குமா?

போடிநாயக்கனூர் ஏல மையத்தை ஒரு நாள் பார்த்தவருக்கு இந்தப் பாடம் புதிதல்ல. சரக்கு குறைவு, வாங்க வந்தவர் பலர் என்றால் விலை ஏறும். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டதே! வாங்குபவர் ஒரே ஒருவர் என்றால், விலை அவர் சொன்னதுதான்.

2021-ல் மத்திய சர்க்கார் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டது. ஏப்ரல் வரை தடுப்பூசியை மொத்தமாக வாங்கியது அது ஒன்றுதான். மே 1 முதல் விதி மாறியது. பாதி மத்திய சர்க்காருக்கு, ஊசி 150 ரூபாய். மீதிக்கு மாநிலங்களும் தனியார் ஆஸ்பத்திரிகளும் போட்டி போட வேண்டும்! மாநிலங்களுக்குக் கோவிஷீல்டு 400 என்றார்கள். கூக்குரல் எழுந்ததும் 300 ஆயிற்று. கோவாக்சின் 600 என்று சொல்லி 400-க்கு இறங்கினார்கள். தனியாருக்கு 600, 1,200. ஒரே ஆலை, ஒரே குப்பி, மூன்று விலை! அதிலும் கோவாக்சின், மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஐ.சி.எம்.ஆர். கூட்டுறவில் பிறந்த மருந்து.

தமிழ்நாடு 3.5 கோடி ஊசிக்கு உலக டெண்டர் விட்டது. ஒருவரும் வரவில்லை. மத்திய சர்க்காரிடம்தான் பேசுவோம் என்று மாடர்னா பஞ்சாபிடம் சொல்லிவிட்டது. பேரம் பேசும் பலம் டில்லியில். பில் மட்டும் மாநிலத்தின் தலையில்!

போடிமெட்டு ஏறும் தொழிலாளிக்கு இதில் என்ன என்று கேட்கலாம். 2021 ஆகஸ்ட் 5 முதல், கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்குள் வருவோர் பரிசோதனைச் சான்றோ இரண்டு ஊசிச் சான்றோ காட்ட வேண்டும் என்று நம் மாநில சர்க்கார் உத்தரவிட்டது. இங்கே 18 முதல் 44 வயதினருக்கு ஊசி தொடங்கியதே மே 20-ல்தான். கோவிஷீல்டுக்கு 84 நாள் இடைவெளி. விரல் விட்டு எண்ணுங்கள்: இரண்டாவது ஊசிக்கு ஆகஸ்ட் 12 ஆகிவிடும். காலையில் ஜீப்பில் பூப்பாறைப் பக்கம் காய் எடுக்கப் போய் மாலையில் இறங்கும் இளம்பெண் எந்தச் சான்றைக் காட்டுவாள்?

45 வயதுக்குக் கீழ்ப்பட்டோரைக் காசு கொடுத்து ஊசி வாங்கச் சொன்னது மேல்நோக்கிலேயே தன்னிச்சையானது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகே, ஜூன் 7-ல் பிரதமர் இறங்கி வந்தார். ஜூன் 21 முதல் முக்கால் பங்கை மத்திய சர்க்காரே வாங்கிக் கொடுத்தது. அப்போதும் கால் பங்கு தனியாருக்குத்தான்.

இத்தனை அமளியிலும், செங்கல்பட்டில் பொதுப்பணத்தில் கட்டிய தடுப்பூசி வளாகம் ஒரு குப்பி மருந்தும் தராமல் கிடந்தது. அதை ஓட்டியிருந்தால் எந்த டெண்டருக்காகக் காத்திருந்திருக்க வேண்டும்?

கொள்ளை நோய்க் காலத்தில் மருந்தை ஒரே விலையில் மத்திய சர்க்காரே வாங்கி, மாநிலங்களுக்கு இலவசமாகத் தரவேண்டும். அடுத்த நோய் வருமுன் இதைச் சட்டமாக்குங்கள் என்று கேட்கிறோம்.