ஆலயத்து ஒலிபெருக்கி யாருக்காக?

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். அந்தப் பழமொழியை நாம் பள்ளியில் கற்பிக்கிறோம். கட்டுரைப் போட்டியில் எழுதச் செய்கிறோம். நன்றாக எழுதிய பிள்ளைக்குப் பரிசும் கொடுக்கிறோம். ஆனால், அணையென்பது மண்ணாலும் கல்லாலும் மட்டுமன்றிச் சொல்லாலும் கட்டப்படுவது என்பதை ஊராட்சி மன்றங்களும் மறந்தன, நாமும் மறந்தோம். உரிய நேரத்தில், புரியும் மொழியில், நம்பத்தக்க வாயிலிருந்து வரும் எச்சரிக்கைச் சொல்லே ஏழை எளியோர்க்கு வாய்க்கும் முதல் அணை. அந்த அணையை நாம் இன்னும் கட்டவில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

ஸ்கூடாய் ஆறு கூலாய், செனாய் வட்டாரங்களைக் கடந்து வந்து நம் ஊரின் ஊடே ஓடி ஜொகூர் நீரிணையில் கலக்கிறது. ஒரு காலத்தில் அதன் இரு மருங்கிலும் ரப்பர்த் தோட்டங்களும் செம்பனைத் தோட்டங்களும் இருந்தன. பெய்த மழையில் ஒரு பகுதியை மண் உறிஞ்சிக்கொண்டது. இன்றோ, தோட்டங்கள் தாமான்களாயின, மண் தாராயிற்று. மழைநீர் கூரையிலிருந்து கால்வாய்க்கும், கால்வாயிலிருந்து ஆற்றுக்கும் விரைந்து ஓடுகிறது. முன்பு மெல்ல ஏறிய வெள்ளம், இப்போது நாம் உறங்கும் வேளையில் திடீரென்று வாசலில் வந்து நிற்கிறது.

அச்சுறுத்துவதற்காக இதனை எழுதவில்லை. நம் மாநிலம் பட்டறிந்த மாநிலம். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து வந்த வெள்ளத்தில் ஜொகூரில் 18 பேர் மாண்டனர். இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினர். முதல் வெள்ளம் விட்டுச்சென்ற சேற்றைக் கழுவி முடிக்குமுன்பே கோத்தா திங்கி நகரம் மறுமுறையும் மூழ்கியது. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் எவரோ கொட்டிய இரசாயனக் கழிவின் நச்சுக் காற்று வகுப்பறைகளுக்குள் புகுந்தது. பிள்ளைகள் மூச்சுத் திணறி மயங்கினர். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றனர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஆபத்து ஆற்று நீராக மட்டுமே வரும் என்பதில்லை. காற்றாகவும் வரும் என்பதை அன்று கற்றோம்.

இவற்றுக்குப் பின் அரசாங்கம் கைகட்டி நின்றதென்று நான் கூறேன். 1993-இல் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சரிந்து 48 உயிர்கள் மடிந்த பின், 1997-இல் தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் 20-ஆம் எண் ஆணை பிறந்தது. 2014-இன் பெருவெள்ளத்திற்குப் பின், 2015-இல் தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனம் தோன்றியது. நம் நாட்டில் நிறுவனங்களுக்குப் பஞ்சமில்லை. ஆயின், அந்த 1997-ஆம் ஆண்டு ஆணை வகுத்த படிகள் மூன்று: மத்தி, மாநிலம், மாவட்டம். மாவட்டத்திற்குக் கீழே, ஒரு தாமானின் மூன்றாவது வரிசையில் தனித்து வாழும் மூதாட்டிக்கு யார் போய்ச் சொல்வது? அங்கேதான் ஊராட்சி மன்றத்தின் கடமை தொடங்குகிறது. அங்கேதான் அது விழாவாகவும் முடிந்துவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய விழாவொன்றிற்கு நானும் அழைக்கப்பட்டேன். எந்த மன்றம் என்பது இங்கே முக்கியமன்று, எங்கும் நடப்பதுதான். பதாகை கட்டியிருந்தது. பிரமுகர் உரையாற்றினார். தீயணைப்பு வீரர்கள் ஒரு தகரத்தில் தீ மூட்டி அணைத்துக் காட்டினர். அவர்கள் திறமையில் குறையேதுமில்லை. பின்னர் படம் பிடித்தனர். பையும் உணவுப் பொட்டலமும் கொடுத்தனர். பக்கத்தில் அமர்ந்திருந்த பாட்டி, கையேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "வாத்தியாரையா, எல்லாம் சரி. ராத்திரியில தண்ணி வந்தா நான் எங்கே போகணும்?"

என்னிடம் விடை இல்லை. கையேட்டில் தேடினேன், அதிலும் இல்லை. அவருக்கு அருகிலுள்ள நிவாரண மையம் எது, அதற்கு எந்த வழியாகச் செல்வது, அவர் வாசலில் வந்து கதவைத் தட்டுபவர் யார் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கூறாத ஒரு நிகழ்ச்சியை 'சமூக முன்னேற்பாடு' என்று அழைப்பது அந்தச் சொல்லுக்கே இழுக்கு.

ஏன் இவ்வாறு நேர்கிறது? நம் நாட்டில் ஊராட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தப்பட்டன. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்கீழ் உறுப்பினர்களை மாநில அரசாங்கமே நியமிக்கிறது. நியமிக்கப்பட்டவர்களுள் நல்லோர் பலர் உளர். ஆயினும், மேலிருந்து நியமிக்கப்பட்டவர் மேலே கணக்குக் காட்டுவார். எத்தனை பேர் வந்தனர், எத்தனை பை கொடுத்தோம் என்பது கணக்கு. பாட்டிக்குப் புரிந்ததா என்பது எந்தக் கணக்கிலும் ஏறாது.

இங்கே ஒரு மறுப்பு எழும். "தேசிய மொழியில் அறிவித்தால் போதாதா? எல்லாரும் அதனை அறிந்திருக்க வேண்டாமா?" என்பர். தேசிய மொழி மீது எனக்குக் காழ்ப்பில்லை. என் மாணவர் அதில் சிறக்க வேண்டுமென்று நாள்தோறும் உழைப்பவன் நான். ஆனால், நள்ளிரவில் ஒலிக்கும் எச்சரிக்கை மொழித் தேர்வாகுமா? தோட்டத்துப் பள்ளியை விட்டுப் பத்து வயதில் பால்வெட்டச் சென்றவரும், சீனப் பள்ளியோடு படிப்பை நிறுத்திய அண்டை வீட்டு முதியவரும் அந்தத் தேர்வில் தவறினால் அதற்குத் தண்டனை உயிரா? "கைப்பேசியில் செய்தி வருமே" என்பர் சிலர். மின்சாரம் போன இரவில், எழுத்தறியாக் கையில் உள்ள கைப்பேசி வெறும் விளக்கே.

கேட்பவர் மொழியில் வரும் குரல் என்ன செய்யும் என்பதற்கு, கடல் கடந்த சான்று ஒன்று உண்டு. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, புதுச்சேரியின் நல்லவாடு என்னும் மீனவச் சிற்றூரைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். தொலைக்காட்சியில் செய்தி கண்டதும் ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அமைத்திருந்த அறிவு மையத்தின் கதவை உடைத்துத் திறந்து, அதன் ஒலிபெருக்கியில் ஊரார் அறிவித்தனர். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் மேட்டுக்கு ஓடினர். படகுகள் அழிந்தன, உயிர்கள் தப்பின. நம் நீரிணைக்கு அப்பாலிருந்து சென்ற ஒரு தொலைபேசிச் சொல், அங்கே தயாராக நின்ற ஓர் ஒலிபெருக்கியால் ஊர் முழுவதையும் எட்டியது. நாள்தோறும் கடல் அலையின் நிலையும் மீன் விலையும் கேட்டுப் பழகிய ஒலிபெருக்கி அது. ஆகவே மக்கள் நம்பினர்.

நம்மிடம் ஒலிபெருக்கி இல்லையா? நம் ஆலயங்களில் எத்தனை! திருவிழா நாளில் நாலு தெரு அதிர ஒலிக்கின்றன. மழை நாளில் அவை ஊமையாகின்றன. வெள்ளம் வடிந்தபின் அரிசி மூட்டையோடும் படப்பிடிப்பாளரோடும் வரும் இயக்கங்கள் நம்மிடம் பல. வருமுன் குரல் கொடுக்கும் இயக்கம் எது? ஊராட்சி மன்றத்தைச் சாடிவிட்டு நம் நிர்வாகக் குழுக்களை விட்டுவிட்டால் நான் நேர்மையற்றவன் ஆவேன். பள்ளியும் தப்பாது. ஆண்டுதோறும் பகல் வெளிச்சத்தில், முன்கூட்டியே நேரம் சொல்லித் தீப்பயிற்சி நடத்தி, கோப்பில் பதிந்து மூடியவர்களுள் நானும் ஒருவன்.

ஆகவே என் கோரிக்கை எளிது. பருவமழை தொடங்குமுன், ஒவ்வோர் அக்டோபரிலும் ஊராட்சி மன்றம் ஒவ்வொரு தாமானிலும் ஓர் இரவுப் பயிற்சி நடத்தட்டும். நிவாரண மையத்தின் பெயரும் வழியும் மலாய், சீனம், தமிழ் ஆகிய மும்மொழியிலும் தெருமுனையில் எழுதப்படட்டும். படுக்கையில் கிடப்போர், தனித்து வாழ்வோர், கர்ப்பிணிகள் ஆகியோரின் பட்டியலும், அவர்கள் கதவைத் தட்ட வேண்டியவர் பெயரும் தெருவுக்குத் தெருவு இருக்கட்டும். பொது தற்காப்புப் படையினர் கற்பிக்கட்டும். நம் இளைஞர் கற்கட்டும். ஆலயம் தன் ஒலிபெருக்கியைக் கொடுக்கட்டும். அது தமிழில் மட்டுமன்றி, அண்டை வீட்டாருக்காக மலாயிலும் சீனத்திலும் பேசட்டும். பள்ளி மண்டபத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை எல்லாரும் அறியட்டும். நல்லவாட்டு மக்கள் கதவை உடைக்க வேண்டியிருந்தது. நாம் உடைக்க வேண்டியதில்லை. மாற்றுச் சாவி ஒன்று செய்து வைத்தால் போதும்.

இவற்றுக்கெல்லாம் பெரும்பொருள் வேண்டா. ஒரு விழாவின் பதாகைக்கும் உணவுக்கும் ஆகும் செலவில் பெரும்பகுதி நிறைவேறும். குறைவது பணமன்று, கேட்பவர் யார் என்னும் நினைவு.

அந்தப் பாட்டியை அதன்பின் சந்தையில் இருமுறை கண்டேன். இருமுறையும் அவர் பேரப்பிள்ளையின் படிப்பைப் பற்றித்தான் விசாரித்தார். பழைய வினாவை எழுப்பவில்லை. எழுப்பாத பெருந்தன்மை அவருடையது. விடை சொல்லாத கடன் மன்றத்தினுடையது, ஆலயத்தினுடையது, என்னுடையது. அடுத்த பருவமழைக்குள் அவர் வாசலில் நின்று, "பாட்டி, தண்ணீர் வந்தால் இந்த வழியாக இந்த மண்டபத்திற்கு வாருங்கள், உங்களை அழைத்துப்போக இந்தப் பிள்ளை வருவான்" என்று தமிழில் ஒருவர் சொல்ல வேண்டும். அதுவரை எந்தப் பதாகையிலும் 'முன்னேற்பாடு' என்னும் சொல்லை எழுதும் உரிமை எவருக்கும் இல்லை.