கிணற்றின் ஆழமும் நீரின் வழியும்

திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் ரிக் வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களிலும் ஆழ்துளைக் கிணறுகள் தோண்டி வருவதைச் சேலம், நாமக்கல் பகுதி மக்கள் நன்கறிவர். ஆயினும், ‘எத்தனை அடி இறக்கினீர்கள்?’ என்று வினவும் நாம், ‘நீர் எவ்வழியாக உள்ளே வருகிறது?’ என்று வினவுவதில்லை. கிணற்றின் பயனைப் பெரிதும் நிர்ணயிப்பது இந்த இரண்டாவது வினாவேயாகும்.

எண்ணெய்க் கிணறுகளை நோக்கினால் இது தெளிவாகும். நாகப்பட்டினம் மாவட்டத்து நரிமணம் போன்ற இடங்களில் எண்ணெய் 1,000 மீட்டருக்கும் கீழே கிடைக்கிறது. கிணறு சரியாதிருக்க எஃகுக் குழாயை இறக்கி, அதன் வெளிப்புறத்தைச் சிமெண்டால் அடைப்பர். அப்போது எண்ணெய் வரும் வழியும் அடைபடுகிறது. எனவே எண்ணெய் உள்ள பாறைக்கு நேராகக் குழாயையும் சிமெண்டையும் துளைக்க வேண்டும். 1932இல் கலிபோர்னியாவில் துப்பாக்கிக் குண்டுகளால் துளைத்தனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், விசையை ஒரே முனையில் குவிக்கும் வெடிகள் வழக்கத்துக்கு வந்தன.

தோண்டும்போது செலுத்தப்படும் சேறு பாறையின் நுண்துளைகளை அடைத்துவிடும். துளை அப்பகுதியைக் கடந்து செல்லாவிடில் எண்ணெய் வரத்துக் குறையும். துளைகளை ஒரே பக்கத்தில் இடாமல் சுற்றிலும் இடுதல் நலம். அவற்றை இருமடங்காக்கினால் எண்ணெய் இருமடங்காகிவிடாது; அளவு மீறினால் குழாய்தான் வலுவிழக்கும். வெடித்த தூள் வழியை அடைக்காதிருக்க, கிணற்றினுள் அழுத்தத்தைக் குறைத்து வைத்து, பாறையின் அழுத்தமே அதனை வெளித்தள்ளுமாறு செய்வதும் உண்டு.

நமது பகுதியோ கடும்பாறை நிலம். பாறையின் வெடிப்புகளே இங்கு இயற்கையான துளைகள். மேல்மண் சரியாதிருக்கவே கேசிங் பைப் இறக்கப்படுகிறது. அது கெட்டிப்பாறையில் பதியாவிடில் மண் உள்ளே சரியும். தேவைக்கு மேல் இறங்கினால் மேல்வெடிப்புகளின் நீரை மறித்துவிடும். வெடிப்புகளில் தங்கிய பாறைத்தூளைக் கம்ப்ரசர் காற்றால் நன்கு வெளியேற்றாவிடினும் நீர்வரத்துக் குறையும்.

இல்லத்தரசியரின் நகைகள் அடகுக்கடைக்குச் சென்ற பின்னரே பல வீடுகளில் போர் போடப்படுகிறது. கூலியோ அடிக்கணக்கில் ஏறுகிறது. ஆகவே தோண்டும்போது அருகிலிருந்து, கேசிங் எத்தனை அடி இறங்கியது, எந்த அடியில் ஈரம் தென்பட்டது, எங்கு நீர் பெருகியது என்பவற்றை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மேலும் நூறு அடி இறக்கலாமா, இத்துடன் நிறுத்தலாமா என்று முடிவு செய்யவும், பின்னாளில் மோட்டாரை எந்த ஆழத்தில் நிறுத்துவதென்று அறியவும் அக்குறிப்பு உதவும்.