சென்னையின் தங்கச்சியும் ஆயக்குடிக் கொய்யாவும்

மக்களே, நம்ம சென்னைக்கு அமெரிக்காவுல ஒரு தங்கச்சி இருக்கு, தெரியுமா? பேரு டென்வர். 1984-ல ஒட்டின சொந்தம். கூடப் பொட்டி தட்டுற பத்துப் பேர்கிட்ட கேட்டேன், ஒருத்தருக்கும் தெரியல. எனக்கே போன வாரம்தான் தெரியும் :-)

அதே டென்வருக்கு ஜப்பான்ல தகயாமாங்கிற ஊர் 1960-லிருந்து சொந்தம். அந்தப் பேர்ல டென்வர்ல ஒரு பூங்காவே இருக்கு. பள்ளிப் பிள்ளைங்க மாறி மாறிப் போயிட்டு வர்றாங்க. கையெழுத்து மேயருங்க போட்டது. உறவை வளர்க்கிறது சம்பளமில்லாத தன்னார்வலர்கள். சென்னைக்கும் அங்க ஒரு குழு உண்டு. போர் முடிஞ்சு 11 வருஷத்துல, 1956-ல, ஐசனோவர் இந்தத் திட்டத்தைத் தொடங்கினதே சாதாரண ஜனங்க நேரடியாப் பழகணும்னுதான்.

"இதனால நம்மூருக்கு ரோடு வருமாடா?"ன்னார் மாமா. வராது மாமா. ஆனா இன்ஜினியரிங் முடிச்சும், முதல் ஜப்பான் கிளையண்ட் போன்ல வந்தப்ப 'ஹலோ' சொல்லவே நடுங்கினவன் நான். பத்து நாள் அவங்க வீட்டுல சாப்பிட்டுத் தூங்கிட்டு வர்ற ஆயக்குடிப் புள்ளைக்கு அந்த நடுக்கம் இருக்காது.

பேரூராட்சிக்கு எதுக்கு இதெல்லாம்னு சிரிக்காதீங்க. மரத்தடியில காசு வாங்காம டிஎன்பிஎஸ்சி பாடம் நடத்துற ஊர் எங்க ஊர். ஆளுக்குப் பஞ்சமில்ல, ஆரம்பிக்கத்தான் ஒருத்தர் வேணும்.

டிஸ்கி: வர்ற ஜப்பான்காரங்களுக்குக் கொய்யாப்பழம் என் செலவு. நீங்க என்ன சொல்றீங்க?